ஈரநிலம் அமைப்பதைக் கையால் செய்தே கற்பது எப்படி? எங்கிருந்து தொடங்குவது?

நீர்க்கோரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரநிலங்களைப் பற்றி மூன்று ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவை வெள்ளத்தை எப்படித் தாங்கிக்கொள்கின்றன, நீரிலுள்ள நைட்ரேட்டை எப்படிக் குறைக்கின்றன, கரிமத்தைச் சேற்றுக்குள் எப்படிச் சேமித்து வைக்கின்றன என்று கேட்டால் என்னால் ஓரளவு விளக்கமாகவே சொல்ல முடியும். ஆனால் மண்வெட்டியைக் கையில் கொடுத்து, ஓரிடத்தைக் காட்டி, இங்கே ஈரநிலத்தை மீட்டெடு என்று யாராவது சொன்னால் முதல் வெட்டை எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியாது. அந்தக் குறையைப் போக்கிக்கொள்ளவே இங்கு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தன்னார்வக் குழுவுடன் சேர்ந்து ஒரு தாழ்நிலத்தில் கோரையும் பிற நீர்ச்செடிகளுமாக நூற்றுக்கணக்கான நாற்றுகளை நட்டோம். இரண்டு நாள் முழுக்கச் சேற்றில் நின்று, மிகுந்த மகிழ்ச்சியோடு செய்த வேலை அது. அடுத்து வந்த வறண்ட பருவத்தில் ஏறத்தாழ எல்லாமே காய்ந்து போயின. மறுபடியும் நட வேண்டும் என்று குழுவினர் பேசிக்கொண்டபோது, அந்த இடத்தில் நீர் ஏன் நிற்கவில்லை என்று நாங்கள் யாருமே கேட்கவில்லையே என்பது எனக்கு உறுத்தியது.

இப்போது எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. உறவினர் ஒருவருடைய நிலத்தின் தாழ்ந்த மூலையில் அரை ஏக்கர் அளவுள்ள பகுதியை, நான் பழகிக் கற்றுக்கொள்ளும்படி விட்டுக்கொடுத்திருக்கிறார். அதன் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பழைய வடிகால் ஓடுகிறது. முன்பெல்லாம் மழைக்குப் பின் மாதக்கணக்கில் அங்கே நீர் நிற்கும் என்றும் தவளைச் சத்தம் வீடு வரை கேட்கும் என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது இரண்டு மூன்று நாள்களில் வடிந்துவிடுகிறது.

அந்த இடம் உண்மையிலேயே முன்பு ஈரநிலமாக இருந்ததா என்பதை மண்ணைப் பார்த்தே உறுதி செய்ய முடியுமா? பிளாஸ்டிக் விரிப்பு எதுவும் இல்லாமல் நீரை நிறுத்த முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலையை எந்த வரிசையில் கற்க வேண்டும்? களத்தில் வேலை செய்தவர்கள் தாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

*

கரைமேடு எழுதியது:

வணக்கம் நண்பரே. நட்ட நாற்றுகள் காய்ந்ததை விட, அவை ஏன் காய்ந்தன என்ற கேள்வி உங்களுக்கு உறுத்தியதுதான் முக்கியமானது. ஈரநில வேலை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. மண்வேலையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நீளமாக இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதையும் கட்டவோ வெட்டவோ வேண்டாம். குழிகள் மட்டும் தோண்டுங்கள். தாழ்ந்த பகுதியின் நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று, சற்று மேடான இடத்தில் ஒன்று என்று தொடங்கி, பத்துப் பன்னிரண்டு இடங்களிலாவது முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, எடுத்த மண்ணை எடுத்த வரிசையிலேயே ஒரு சாக்கின் மேல் பரப்பி வையுங்கள். கைத்துளைப்பான் கிடைத்தால் ஒரு மீட்டருக்கும் கீழே போய்ப் பார்க்கலாம். நீர் நீண்டகாலம் நின்ற மண்ணில் காற்று புக வழியில்லாததால், அங்குள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தீர்ந்த பிறகு நைட்ரேட்டையும், பின்னர் மாங்கனீசையும் இரும்பையும் பயன்படுத்தத் தொடங்குகின்றன. மண்ணுக்குச் செம்மையும் மஞ்சளும் தருவது இரும்புத் துருதான். அது கரைந்து நகர்ந்துவிட்டால் மண் சாம்பல் நிறமாகவோ நீலம் கலந்த சாம்பலாகவோ வெளிறிவிடும். வேர் போன வழியாகக் காற்று நுழைந்த இடங்களில் மட்டும் துரு மீண்டும் படிந்து, சாம்பல் மண்ணுக்குள் செம்மஞ்சள் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் தெரியும். மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ.க்குள் இந்தத் தோற்றம் இருந்தால் அந்த இடத்தில் நீர் நின்றிருக்கிறது என்று நம்பலாம். மண் வண்ணங்களை ஒப்பிட மன்செல் வண்ண அட்டைகளைப் பயன்படுத்துவார்கள். அவை கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை, மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே கண் பழகிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கந்தகம் வரையில் அந்த மாற்றம் போயிருக்கிறது என்று பொருள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மண்ணின் நிறம் பழைய கதையைச் சொல்லும். இன்றைய நிலையைச் சொல்லாது. வடிகால் வெட்டி நெடுங்காலம் ஆன பின்னும் அந்தச் சாம்பல் நிறம் அப்படியே இருக்கும். இன்றைய நிலையை அறிய, துளையிட்ட குழாய் ஒன்றைக் குழியில் நிறுத்தி, சுற்றிலும் மணல் இட்டு, வாரம் ஒரு முறையாவது அதிலுள்ள நீர்மட்டத்தை அளந்து குறித்து வாருங்கள். இரும்புத் துரு வண்ணம் பூசிய குழாய்களை மண்ணில் சில வாரங்கள் செருகி வைத்து எடுத்துப் பார்க்கும் முறையும் உண்டு. நீர் தேங்கி ஆக்சிஜன் அற்றுப்போன ஆழத்தில் மட்டும் வண்ணம் கரைந்து போயிருக்கும். மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது, மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை அவர்கள் முதல்முறையாக நேரில் கண்டுவிடுகிறார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே இந்தச் சோதனையை நான் விரும்பிச் செய்கிறேன்.

அடுத்தது களிமண். ஈர மண்ணைப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பட்டையாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ. நீள்வதற்குள் ஒடிந்தால் களி குறைவு, 5 செ.மீ.க்கு மேல் ஒடியாமல் நீண்டால் நல்ல களிமண். பிறகு அந்தக் குழியில் நீரை நிரப்பி ஓர் இரவு ஊற விட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, மட்டத்தில் ஓர் ஆணி அடித்து வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளியிலும் நீர் வையுங்கள். வாளியில் குறைவது ஆவியாகிப் போவது. குழியில் அதைவிட அதிகமாகக் குறைவது மண்ணுக்குள் இறங்குவது. இந்த ஒரு சோதனை உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் எழுதும் எதையும்விடத் தெளிவாக விடை சொல்லும். நீர் மெதுவாக இறங்கினால், அந்த மண்ணையே இறுக்கி, எந்த விரிப்பும் இல்லாமல் நீரை நிறுத்தலாம். மணலாக இருந்து, நிலத்தடி நீர்மட்டமும் ஆழத்தில் இருந்தால், அங்கே ஈரநிலம் வேண்டாம் என்று சொல்லும் துணிவும் இந்தத் தொழிலில் ஒரு திறமைதான்.

ஆனால் உங்கள் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால், புதிதாக ஒன்றைக் கட்டுவதை விட, அதை வற்ற வைத்தது எது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாக இருக்கும். மீட்டமைப்பு என்பது பெரும்பாலும் இதுதான். அமெரிக்காவின் கிஸ்ஸிமி ஆறு 1962க்கும் 1971க்கும் இடையே நேர்க்கால்வாயாக வெட்டப்பட்டு, 166 கி.மீ. வளைந்து ஓடியது 90 கி.மீ. ஆகக் குறுகி, இரு கரைகளின் சதுப்புகளும் வறண்டன. 2021இல் நிறைவடைந்த மீட்புப் பணியின் உயிர்நாடி, வெட்டிய அந்தக் கால்வாயில் ஏறத்தாழ 35 கி.மீ. நீளத்தை அதே மண்ணால் மூடி நீரைப் பழைய வளைவுகளுக்குத் திருப்பியதுதான். உங்கள் முழங்கால் ஆழ வடிகாலும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் வடிகாலோடு கதை முடிவதில்லை. நான் முதன்முதலில் பொறுப்பேற்றுச் செய்த ஈரநிலத்தில் வடிகாலை அடைத்தேன், கரை போட்டேன், நல்ல மழையும் பெய்தது. பத்து நாளில் நீர் காணாமல் போயிற்று. கரையைக் குறை சொல்லி அதை இருமுறை பிரித்துக் கட்டினேன். கடைசியில், என்னோடு வேலை செய்த வயதான இயந்திர ஓட்டுநர்தான், மழை விட்ட பிறகு நிலத்தின் குறுக்கே ஒரு பட்டை மட்டும் முதலில் உலர்வதைக் கவனித்துச் சொன்னார். அந்தப் பட்டைக்குக் குறுக்கே ஒரு நீள்குழி வெட்டியபோது, ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் சுட்ட மண் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே நீர் ஓடிக்கொண்டிருந்தது. வயல்களை உலர்த்தச் சுட்ட மண் குழாய்களைப் புதைக்கும் முறையை 1830களில் ஜான் ஜான்ஸ்டன் என்ற விவசாயி அமெரிக்காவில் தொடங்கி வைத்த பின், அங்கு மட்டுமே எண்ணிலடங்காத சதுப்புகள் இப்படி நிலத்துக்கு அடியில் ஓசையின்றி வடிக்கப்பட்டன. ஆகவே வடிகாலின் ஓரமாக நடந்து, அதன் பக்கச் சுவரில் குழாய் வாய் ஏதும் திறந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் அடைக்காதீர்கள். மேலே உள்ள பக்கத்து நிலத்தின் நீரும் அதன் வழியாக வரலாம். அடைத்தால் அவருடைய நிலம் மூழ்கும்.

இனி வடிகாலை அடைப்பது, கரை போடுவது. நான் செய்த இன்னொரு தவறு இங்கேதான். புல்லோடு கூடிய மேல்மண்ணை எடுக்காமல் அதன் மேலேயே கரையை எழுப்பிவிட்டேன். வேரும் மக்கும் நிறைந்த அந்த அடுக்கின் வழியாக நீர் கரைக்கு அடியில் புகுந்து வெளியேறியது. சரியான முறை, மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைப்பது, கரை வரும் கோட்டில் களிமண் அடுக்கைத் தொடும் வரை ஒரு பள்ளம் வெட்டுவது, அந்தப் பள்ளத்தைக் களிமண்ணால் அடுக்கடுக்காக நிரப்பி இறுக்கி, அதன் மேல் கரையை எழுப்புவது. ஓர் அடுக்கு 15 முதல் 20 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. களிமண் சரியான ஈரத்தில் இருக்கிறதா என்பதையும் கையே சொல்லும்: உள்ளங்கையில் திரியாக உருட்டும்போது 3 மி.மீ. தடிமன் வரை நொறுங்காமல் வந்து, அதற்கும் மெலியும்போது விரிசல் விட வேண்டும். அதற்கு முன்பே நொறுங்கினால் நீர் தெளிக்க வேண்டும். சேறாக ஒட்டினால் உலர விட வேண்டும். உலர்ந்த களிக்கட்டிகளை எவ்வளவு மிதித்தாலும் அவற்றின் இடைவெளிகள் மூடிக்கொள்வதில்லை. வேர், குச்சி, கல் எதுவும் களிமண்ணோடு சேரக் கூடாது.

மிகை நீர் வெளியேறக் கலிங்கு போன்ற அகலமான, தாழ்ந்த வழி ஒன்றைக் கரையின் ஓரத்தில், இயற்கையான கெட்டித் தரையில் அமையுங்கள். புதிதாகப் போட்ட கரையின் நடுவில் வேண்டாம். மட்டம் பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய மட்டக்குழாயே போதும். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் மாதம் முழுவதும் அந்த மட்டக்குழாயோடு நிலத்தைச் சுற்றி வாருங்கள். 10 செ.மீ. ஏற்ற இறக்கத்தை வெறுங்கண்ணால் காண முடியாது. ஈரநிலத்திலோ அந்த 10 செ.மீ.தான் எந்தச் செடி எங்கே வாழும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பள்ளத்தின் சரிவு ஓரடி இறங்கப் பத்தடி தூரம் என்ற அளவிலோ அதைவிடச் சாய்வு குறைவாகவோ இருக்கட்டும். பெரும்பகுதி 30 செ.மீ. ஆழத்துக்குள் இருந்தால் நல்லது. தரையை வழவழப்பாக்காமல் மேடும் குழியுமாக விட்டு, மேல்மண்ணை இறுக்காமல் தூவி, கிடைக்கும் மரத்துண்டுகளை அங்கங்கே கிடத்துங்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் குளத்தை அழகாக வட்டமாக வெட்டிவிடுகிறார்கள். உயிரினங்களுக்கு வேண்டியது ஒழுங்கற்ற விளிம்பு.

*

அல்லித்தண்டு எழுதியது:

கரைமேடு ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் செடிகளின் பக்கம் வேலை செய்பவள்; ஆகவே நாற்றுகள் காய்ந்ததைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மிட்ச் என்ற அறிஞரின் குழு, ஆற்று நீர் பாயும் ஒரே மாதிரியான இரண்டு ஈரநிலங்களை ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேர் அளவில் அமைத்து, 1994இல் ஒன்றில் 13 வகைச் செடிகளை நட்டு, மற்றொன்றில் எதையுமே நடாமல் விட்டது. சில ஆண்டுகளிலேயே நடாத ஈரநிலத்திலும் நீரும் காற்றும் பறவைகளும் கொண்டுவந்த விதைகளால் செடிகள் நிறைந்து, பல வகைகளில் அது நட்டதோடு ஒத்துப்போயிற்று. ஈராக்கின் பெருஞ்சதுப்புகள் 1990களில் திட்டமிட்டு வற்றடிக்கப்பட்டு, 2003இல் அங்குள்ள மக்களே கரைகளை உடைத்து நீரை உள்ளே விட்டபோது, உப்பு மிகுந்து போன இடங்களைத் தவிர்த்த பல பகுதிகளில் நாணல் தானாகவே திரும்பி வந்தது. நீர் முறையாக வந்தால் செடிகள் தாமாகவே வருவது அரிதல்ல என்பதற்கு இவற்றைச் சொல்கிறேன். கடலோர அலையாத்திக் காடுகளை மீட்பதில் பெயர் பெற்ற ராய் லூயிஸ் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியதும் இதையே: கன்று நடுவதற்கு முன், ஓதம் (கடல் நீரேற்றம்) அங்கே எவ்வளவு நேரம் வந்து நிற்கிறது என்று பாருங்கள். எப்போதும் மூழ்கிக் கிடக்கும் சேற்றுத் திட்டுகளில் கன்றுகளை வரிசையாக நட்டு, அவை மடிந்த பின் அதே இடத்தில் மீண்டும் நட்ட முயற்சிகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. உங்கள் குழுவினரின் உழைப்பும் அப்படி வீணாகிவிடக் கூடாது.

ஆகவே உங்கள் நிலத்தில் முதலில் நீரைச் சரி செய்துவிட்டு, ஒரு பருவம் காத்திருந்து, எது முளைக்கிறது என்று பாருங்கள். முன்பு சதுப்பாக இருந்த மண்ணில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடக்கும் விதைகள் இருக்கக்கூடும். அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: மேல்மண்ணை இரண்டு தட்டுகளில் பரப்பி, ஒன்றை ஈரமாக மட்டும் வைத்து, மற்றொன்றில் 5 செ.மீ. நீர் நிறுத்தி, இரண்டு மாதம் வெளிச்சத்தில் வையுங்கள். கரையோரச் செடிகள் பலவற்றின் விதைகள் நீருக்கடியில் முளைப்பதில்லை. நீர் விலகிய ஈரச்சேற்றில்தான் முளைக்கும். இரண்டு தட்டுகளும் வேறு வேறாகப் பசுமை கொள்வதைப் பார்க்கும் அன்றே, நீர்மட்டம் ஏறி இறங்குவது ஈரநிலத்துக்கு ஏன் தேவை என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். இயற்கை ஈரநிலங்களில் பலவும் ஆண்டுக்கு ஒருமுறை வற்றுபவை. அப்படி வற்றுவதால் மீன்கள் நிலைபெற முடியாது. மீன் இல்லாத நீரில்தான் தவளைகள் பலவற்றின் தலைப்பிரட்டைகள் பிழைக்கின்றன. ஆண்டு முழுவதும் நீர் நிற்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

நட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. கனடாவில் கரிநிலங்களை (முழுதாக மக்காத தாவரங்கள் படிந்து உருவான சதுப்புகளை) சுரண்டி எடுத்த பின் வெறுமையாகக் கிடக்கும் பரப்பில் ஸ்பாக்னம் பாசி தானாகத் திரும்ப மிகவும் தயங்குகிறது. அதற்காக, லவால் பல்கலைக்கழகத்தின் லீன் ரோஷ்ஃபோர் குழுவினர், வடிகால்களை அடைத்து, நல்ல கரிநிலம் ஒன்றிலிருந்து பாசியின் மேற்புறத்து 10 செ.மீ. அளவை மட்டும் எடுத்து, அதைப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் தூவி, மேலே வைக்கோல் பரப்பி மூடும் முறையை வளர்த்தெடுத்தார்கள். வைக்கோல் அந்தச் சிறு பாசித் துண்டுகளைச் சுட்டெரிக்கும் வெயிலிலிருந்து காக்கிறது. அங்கும் முதல் வேலை வடிகாலை அடைப்பதுதான் என்பதைக் கவனியுங்கள்.

நடும்போது நினைவில் வைக்க ஒன்று சொல்கிறேன். சம்பு போன்ற செடிகளின் தண்டுக்குள் காற்றுக் குழல்கள் உண்டு. அவற்றின் வழியாகவே சேற்றிலுள்ள கிழங்குக்கு ஆக்சிஜன் இறங்குகிறது. கிழங்கை நடும்போது தண்டின் நுனி நீருக்கு மேலே தெரிய வேண்டும். மூழ்கினால் கிழங்கு மூச்சுத்திணறி அழுகும். இதையே திருப்பியும் பயன்படுத்தலாம்: சம்பு ஒன்றே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டால், நீர் உயரும் பருவத்துக்குச் சற்று முன் தண்டுகளை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டி விடுங்கள். மருந்து எதுவும் தேவைப்படாது. ஆகாயத்தாமரை மட்டும் ஒரு துண்டு கூட உள்ளே வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் வேலை செய்த மண்வெட்டியிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும்.

*

முக்குளிப்பான் எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். நிலம் உறவினருடையதாக இருந்தாலும், வடிகாலை அடைப்பதற்கும் கரை போடுவதற்கும் பல நாடுகளில் அனுமதி தேவைப்படும். கேட்டு எழுத்தில் பெற்ற பிறகே தொடங்குங்கள். நிலத்தடியில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்றும் முன்பே விசாரியுங்கள். இடுப்பளவுக்கு மேல் ஆழமான நீள்குழிக்குள் தனியாக இறங்காதீர்கள். ஈரக் களிமண்ணின் சுவர் எந்த எச்சரிக்கையும் தராமல் சரியும்.

கொசுவை ஒழிக்கிறோம் என்று கம்பூசியா மீனை விட்டுவிடாதீர்கள். அது தவளை முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும். தட்டான், நீர்வண்டு ஆகியவற்றின் இளம்பருவங்கள் பெருகினால் கொசுப்புழுக்களை அவையே பெரிதும் குறைக்கும். ஓர் ஈரநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது காலணிகளைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநீக்கி இட்டு உலர்த்துங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை சேற்றோடு பயணம் செய்யக் கூடியது.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்வதற்காக, இன்னும் உயிரோடு இருக்கும் ஈரநிலத்தைத் தோண்டிவிடாதீர்கள். 621 ஈரநிலங்களின் தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, மீட்டமைத்துப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் அவற்றின் உயிரினச் செழுமை இயற்கை ஈரநிலங்களை விடச் சராசரியாக 26 விழுக்காடும், மண்ணில் கரிமம் சேர்வது போன்ற செயல்பாடுகள் 23 விழுக்காடும் குறைவாகவே இருந்தன. நம் கைகளால் செய்ய முடிந்தது பெரிது. ஆனால் இருப்பதற்கு அது ஈடாகாது. அருகில் நல்ல நிலையிலுள்ள ஈரநிலம் ஒன்று இருந்தால், மாதம் ஒருமுறை போய் வெறுமனே பார்த்து வாருங்கள். எந்த ஆழத்தில் எந்தச் செடி நிற்கிறது, நீர் எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்று குறித்து வைத்துக்கொண்டால், உங்கள் வரைபடத்தை அதுவே வரைந்து தரும்.

பயிற்சி முகாம்களில் சேரும்போது, வேலை முடிந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆன இடத்தையும் காட்டுவார்களா என்று கேட்டுச் சேருங்கள். புதிதாக முடிந்த வேலை எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

*

நீர்க்கோரை எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பின்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி கட்டுவதை ஒத்திவைத்து, பதினான்கு குழிகள் தோண்டினேன். பள்ளத்தின் நடுவிலுள்ள எட்டுக் குழிகளிலும் 20 செ.மீ. ஆழத்திலேயே சாம்பல் மண்ணும், அதனுள் செம்மஞ்சள் கோடுகளும் இருந்தன. முதல் குழியில் அதைப் பார்த்தபோது, பெரியவர்கள் சொன்ன தவளைச் சத்தம் கையில் கிடைத்தது போல் இருந்தது. அந்த மண் பட்டையாக 6 செ.மீ. வரை ஒடியாமல் நீண்டது. ஊறவைத்த குழிகளில் ஏழில் நீர், வாளியில் குறைந்த அளவை விடச் சற்றே கூடுதலாக மட்டும் குறைந்தது.

எட்டாவது குழிதான் எனக்குப் புரியவில்லை. அதே மண், அதே நிறம். ஆனால் நிரப்பிய நீர் அரை மணி நேரத்தில் முழுவதும் போய்விட்டது. இரண்டு முறை செய்து பார்த்தேன். குழியின் ஒரு பக்கச் சுவரில், அடியை ஒட்டினாற்போல், விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் தெரிகிறது. வடிகாலின் சுவரையும் தடவிப் பார்த்துவிட்டேன். குழாய் வாய் எதுவும் கையில் படவில்லை. மட்டக்குழாயால் பார்த்ததில், அந்தக் குழியிலிருந்து வடிகால் வரை 12 மீட்டர் தூரத்துக்குத் தரை 18 செ.மீ. இறங்குகிறது. இது புதைந்த குழாயின் அறிகுறியா, அல்லது எலியோ நண்டோ தோண்டிய வளையா? எப்படிப் பிரித்தறிவது?

*

கரைமேடு எழுதியது:

மிக நல்ல வேலை. ஏழு குழிகளில் நீர் நின்றதை விட, ஒன்றில் நிற்காததைக் கண்டதுதான் பெரிது. அது தெரியாமல் கரை போட்டிருந்தால் என்னைப் போல் நீங்களும் கரையையே பிரித்துப் பிரித்துக் கட்டியிருப்பீர்கள்.

இரண்டுமாக இருக்கலாம். பிரித்தறிய அந்தத் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டாம். அந்தக் குழிக்கும் வடிகாலுக்கும் நடுவில், நீர் போகும் திசைக்குக் குறுக்காக, மூன்று மீட்டர் நீளத்தில் ஒரு நீள்குழி வெட்டுங்கள். ஒரு வாளிக்கு ஒரு பிடி என்ற கணக்கில் மஞ்சள்பொடியைக் கலந்து எட்டாவது குழியில் ஊற்றிவிட்டு, நீள்குழியின் சுவரைக் கவனித்துக்கொண்டிருங்கள். வளையாக இருந்தால் துவாரம் வளைந்து நெளிந்து, ஏறி இறங்கி, கிளை விட்டுப் போகும். மஞ்சள் நீர் பல இடங்களில் கசியும். குழாயாக இருந்தால் ஒரே ஆழத்தில், ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். முன்பு தோண்டி நிரப்பிய மண் என்பதால் அதன் மேலுள்ள மண் பக்கத்து மண்ணைப் போல அடுக்கு அடுக்காக இல்லாமல் கலங்கிக் கிடக்கும். அந்தக் கலங்கிய பட்டையை நீள்குழியின் சுவரில் தெளிவாகவே காணலாம். வடிகாலில் வாய் தெரியாததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சரிந்து விழுந்த மண் வாயை மூடியிருக்கும். நீர் அந்த மண்ணின் வழியாகவே கசிந்து போகும். வடிகாலின் அடியில் எங்காவது மட்டும் எப்போதும் ஈரமாக, பசுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வளையாக இருந்தால், அது போகும் தூரம் முழுவதும் தோண்டி எடுத்து, களிமண்ணை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பினால் போதும். குழாயாக இருந்தால் மேற்புறமாக அதைத் தொடர்ந்து சென்று, உங்கள் எல்லையைத் தாண்டுகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். நீள்குழி வெட்டியதும் அதன் சுவரை மண்வெட்டியால் நேராகச் சீவி, படம் எடுத்து இங்கே இடுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.